ஏரி இருந்த ஊரில் ஒரு நாவலாசிரியர்

தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் தங்கள் வரைபடங்களில் ‘லாங் டாங்க்’ என்று குறித்தார்கள். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியின்போது, அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்து மனைகளாகப் பிரித்தார்கள். நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர் வந்தது. நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலை, நாயர் சாலை என்று தெருக்களுக்கும் அந்தக் காலத்துத் தலைவர்களின் பெயர்களே வந்தன. அரை நூற்றாண்டு ஆவதற்குள் அந்த ஏரிப் படுகையில் குடியிருந்தவர்கள் குடமும் கையுமாக அடுத்த தெருவுக்குத் தண்ணீர் தேடிப் போக வேண்டியதாயிற்று. அதை நாவலாக எழுதியவரும் அதே பேட்டையில்தான் குடியிருந்தார்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்த நாளிலிருந்து அவருடைய சென்னையைக் கால்நடையாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காரில் போய்ப் பார்க்கக்கூடிய சென்னை அல்ல அது. அவர் சைக்கிளிலும் பேருந்திலும் நடந்தும் திரிந்த ஊர். மழை ஓய்ந்து வெயில் இன்னும் ஏறாத தை மாதத்துக் காலைப்பொழுதாகப் பார்த்து மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

ரங்கநாதன் தெருவை அதன் கூட்டத்தோடுதான் எல்லோருக்கும் தெரியும். கடை திறப்பதற்கு முன்னால் பார்த்தால் அது வேறு தெரு. ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கின்றன. துப்புரவுப் பணியாளர் ஒருவர் நேற்றைய பிளாஸ்டிக் உறைகளைத் துடைப்பத்தால் ஒதுக்கிக் குவியலாக்குகிறார். ஜவுளிக்கடைப் பக்கவாட்டில் மீன்பாடி வண்டி ஒன்று நிற்க, இரண்டு பையன்கள் சாக்குத் துணியில் கட்டிய பொதிகளைத் தோள் மாற்றி இறக்குகிறார்கள். கைக்குட்டை விற்பவர் தார்ப்பாயை விரித்துவிட்டு, சரக்கை இன்னும் அடுக்காமல், டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பத்து மணிக்குமேல் இந்த நால்வரும் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள், கூட்டம் மூடிவிடும். அசோகமித்திரன் கதைகளில் வருகிறவர்கள் இவர்கள்தான். கூட்டம் வருவதற்கு முன்பும் போன பின்பும் அங்கே இருப்பவர்கள்.

அவர் இந்த ஊர்க்காரர் அல்லர். இயற்பெயர் ஜ. தியாகராஜன், 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு நிஜாம் ரயில்வேயில் வேலை. லான்சர் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் தமிழும் காதில் விழ வளர்ந்த பையன். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினேழு வயது நிரம்பும் தறுவாய். பிறகு அப்பா இறந்துபோனார். குடும்பம் 1952இல் சென்னைக்கு வந்தது. அப்பாவின் நண்பரான எஸ்.எஸ். வாசன் தம் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை கொடுத்தார். அவர் வாழ்க்கையின் முதல் பெரிய பயணம் இதுதான். விரும்பிக் கிளம்பியது அல்ல. வீடு கலைந்ததால் நேர்ந்தது.

அந்தப் பயணத்தின் பலன் நாவலாக வர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. கிரிக்கெட் ஆட்டமும் கல்லூரியும் மாட்டுத் தொழுவமுமாக இருக்கும் சந்திரசேகரன் என்ற பையனின் நாட்களுக்குள் ஒரு சமஸ்தானத்தின் வீழ்ச்சி மெல்ல நுழைகிறது. அண்டை வீட்டார் எதிரிகளாகிறார்கள். கடைசியில், அஞ்சி ஒடுங்கிய ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் முன்னால் அவன் தலைகுனிந்து ஓடுகிறான். செகந்திராபாத்திலேயே இருந்திருந்தால் அந்தத் தெருக்களை அவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். மாம்பலத்தில் உட்கார்ந்து, திரும்பிப் போக முடியாத ஊரை நினைவிலிருந்து தெருத் தெருவாகக் கட்டியிருக்கிறார். ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் ஊர் முழுதாகத் தெரிகிறது.

பனகல் பூங்காவைத் தாண்டி வெங்கடநாராயணா சாலைக்கு வந்தால் நடேசன் பூங்கா. நீதிக்கட்சியின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் சி. நடேச முதலியாரின் பெயர் தாங்கியது. வீட்டில் இடமும் அமைதியும் போதாதபோது அசோகமித்திரன் எழுதுவதற்கு இங்கே வந்து உட்கார்வார் என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. உள்ளே போனேன். நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டமடிக்கிறார்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் பென்ஷன் விஷயம் பேசுகிறார்கள். மரத்தடிப் பெஞ்சில் ஓர் இளைஞன், மடியில் போட்டித் தேர்வுக் கையேடு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறான். அடிக்கோடு போட ஸ்கேலும் கொண்டுவந்திருக்கிறான். அவன் வீட்டிலும் படிக்க இடம் இல்லை போலும். சென்னையின் பூங்காக்கள் பலருக்கும் இப்படி வீட்டின் இன்னோர் அறையாக இருந்து உதவியிருக்கின்றன.

அசோகமித்திரன் 1966இல் ஜெமினியை விட்டு விலகினார். குடும்பஸ்தர், வயது முப்பத்தைந்து. அதன்பிறகு மாதச் சம்பளம் என்று நிரந்தரமாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். டில்லியிலிருந்து கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ இதழின் பொறுப்பை இங்கிருந்து நீண்ட காலம் கவனித்துக்கொண்டார். பிறர் கைப்பிரதிகளைப் படித்தார், மெய்ப்புத் திருத்தினார். எழுத்தை மட்டும் நம்பித் தமிழில் ஒரு குடும்பத்தை நடத்துவது அன்றைக்கு எவ்வளவு கடினமோ இன்றைக்கும் அவ்வளவு கடினம்.

இந்த எளிய வாழ்வைத் துறவு என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் வறுமையை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. எழுதுவதைத் தேர்ந்தெடுத்தார், வறுமை அதனுடன் சேர்ந்து வந்தது. லட்சக்கணக்கில் வார இதழ்கள் விற்ற ஒரு மொழி, அதன் முதல்தர நாவலாசிரியருக்கு ஒரு மேசையைக் கொடுக்கவில்லை. இதில் பெருமைப்பட ஏதும் இல்லை. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. கையில் காசு குறைவாக உள்ளவன் நகரத்தை அருகிலிருந்து பார்க்கிறான். பேருந்துக்குக் காத்திருக்கிறான், ரேஷன் கடையில் நிற்கிறான், அடிபம்பில் தன் முறைக்குக் குடத்தை வைக்கிறான். அங்கெல்லாம் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதம், கார்க் கண்ணாடி வழியாகத் தெரியாது.

‘தண்ணீர்’ அங்கிருந்து வந்த நாவல். 1970களின் தொடக்கத்தில் கணையாழியில் தொடராக வந்து, 1973இல் புத்தகமாயிற்று. ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா, சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாக ஜமுனாவை அலைக்கழிக்கும் பாஸ்கர் ராவ், பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா. தெருவில் குழாய் வறண்டுவிட்டது. பம்பு உள்ள வீட்டு வாசலில் ஏச்சும் பேச்சும் நடக்கின்றன. நாவலில் பெரிய சம்பவம் என்று சொல்ல அதிகம் இல்லை. உடைந்துபோன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்கிறாள், அவ்வளவுதான். நோயாளிக் கணவன், வசைபாடும் மாமியார், பள்ளிக்கூட வேலை, இதற்கு நடுவில் தண்ணீர்க் குடம். அதைக் கேட்டுவிட்டு ஜமுனா எழுந்து தன் குடத்தை எடுத்துக்கொள்கிறாள். தமிழ் நாவல்களில் இதைவிட உறுதியான ஓர் எழுந்திருத்தலை நான் படித்ததில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடங்கள் நீள வரிசையில் நின்றபோது, ஜமுனாவும் டீச்சரம்மாவும் அந்த வரிசையில் எங்கோ நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

தி.நகரிலிருந்து அண்ணா சாலைக்கு வந்து ஜெமினி மேம்பாலத்தடியில் நின்றேன். பலகையில் அண்ணா மேம்பாலம் என்று இருக்கிறது. கண்டக்டர்கள் இன்றும் ஜெமினி என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். மேம்பாலம் 1973இல் வந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, அது இருந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டலும் வணிக வளாகமும் நிற்கின்றன. ‘சந்திரலேகா’ எடுத்த இடம் என்று சொன்னால் அந்த வாசல் காவலருக்கே வியப்பாக இருக்கும்.

ஜெமினியில் அசோகமித்திரனுக்கு நடிப்பு வேலையும் இல்லை, கதை வேலையும் இல்லை. செய்தித்தாள்களைப் படித்து, வேண்டிய செய்திகளைக் கத்தரித்து, பொருள்வாரியாகக் கோப்பில் சேர்ப்பது வேலை. நாள் முழுக்கக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும் அவரைப் பார்த்தவர்கள், இந்த ஆளுக்கு வேலையே கிடையாது என்று நினைத்தார்களாம். ஆகவே வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவரிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல நாற்காலி அமைந்திருக்காது. வேலை தேடிவரும் துணை நடிகர்கள், மேக்கப் அறைப் பையன், கவிஞர்கள், கணக்கர்கள் எல்லோரும் அந்த நாற்காலியைக் கடந்து போனார்கள். ‘புலிக்கலைஞன்’ கதையில் வரும் டகர் பாயிட் காதர், ஸ்டுடியோ அறையில் புலியாகவே மாறிப் பாய்ந்து காட்டிவிட்டு, பிறகு பசியோடு நிற்கும் காதர், அப்படி ஒரு நாற்காலியிலிருந்து பார்க்கப்பட்டவர். வேலையை விட்ட சில ஆண்டுகளுக்குள் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலிலும் நட்சத்திரங்களின் பளபளப்பு கிடையாது. புரொடக்‌ஷன் மேனேஜரின் விடியற்காலையும் வண்டி வராத பதற்றமும்தான் அதில் சினிமா.

ஜெமினிக்கு ஒருமுறை இங்கிலாந்துக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் வந்து பேசியிருக்கிறார். அவர் உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. இவர் எதற்காக இங்கே வந்தார் என்றும் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேலையும் இல்லாமல் கையில் காசும் குறைந்திருந்த காலத்தில், மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிரில் நடைபாதையில் குவித்துப்போட்டிருந்த ஒரு புத்தகத்தை அசோகமித்திரன் அரை ரூபாய்க்கு வாங்குகிறார். கம்யூனிசத்தை நோக்கிப் போய் ஏமாற்றத்தோடு திரும்பிய ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள். ஆறு பேரில் ஒருவர் ஸ்பெண்டர். ஜெமினி முதலாளிக்குக் கவிதையில் அக்கறை இல்லாமல் இருக்கலாம். கம்யூனிசத்தைக் கைவிட்டவரிடம் அக்கறை இருந்தது. பழைய புதிர் அந்த இடத்திலேயே அவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இந்தச் சம்பவத்தைப் படிக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த அரை ரூபாய். அதற்குமேல் செலவழிக்க முடியாதவர் நடைபாதையில் குனிந்தார். குனிந்ததால் கிடைத்தது.

அங்கிருந்து பேருந்தில் மயிலாப்பூர். லஸ் முனையில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், பயணத்தை வேறு விதமாகச் செய்த எழுத்தாளர்களின் நினைவு வருகிறது. காமராசர் சாலை வானொலி நிலையத்தில் தி. ஜானகிராமன் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தார். அவரும் நண்பர் சிட்டியும் காவிரியைத் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை தொடர்ந்து போய் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். ஜப்பானையும் கிழக்கு ஐரோப்பாவையும் பற்றியும் ஜானகிராமன் தனித்தனிப் பயண நூல்கள் எழுதியிருக்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறையில் கல்கி, ‘பொன்னியின் செல்வ’னுக்காக ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய்க் களங்களைப் பார்த்துவந்தார். இவர்களுக்குப் பயணம் தேடல். போகும்போதே எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போனார்கள். ஜானகிராமனின் காவிரிக் கரையில் சங்கீதமும் சாப்பாட்டு மணமும் கூடவே வரும். அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனாலும் தெருமுனைக்குப் போவதையே நெடும்பயணமாக ஆக்கியவர் அசோகமித்திரன்தான் என்று மாடவீதியில் நடக்கும்போது தோன்றியது.

அவருக்கும் கடல் கடந்த பயணம் ஒன்று வாய்த்தது. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகச் சர்வதேச எழுத்தாளர் பட்டறைக்கு அழைப்பு வந்தது. கவிஞர் பால் எங்கிலும் சீன நாவலாசிரியை ஹுவாலிங் நியேவும் 1967இல் தொடங்கிய பட்டறை அது. பல நாட்டு எழுத்தாளர்களைச் சில மாதங்கள் ஒரே கட்டடத்தில் தங்கவைத்து, எழுதுங்கள் என்று விட்டுவிடுவார்கள். மாம்பலத்தில் எழுத மேசை கிடைக்காதவருக்கு அங்கே தனி அறையும் உதவித்தொகையும் கிடைத்தன.

அவர் அங்கே என்ன பார்த்தார் என்பதை 1985இல் வந்த ‘ஒற்றன்’ சொல்கிறது. நயாகராவோ நியூயார்க் கோபுரங்களோ அதில் முக்கியமில்லை. பனியில் நடக்கத் தோதில்லாத காலணி, பொது அடுக்களை, துணி துவைப்பது, ஒருவரையொருவர் அரைகுறை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளப் பாடுபடும் எழுத்தாளர்கள், அவர்களுடைய தனிமை. பெரு நாட்டு எழுத்தாளர் பிராவோ தம் நாவலின் திட்டத்தைப் பெரிய வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறார். எத்தியோப்பிய எழுத்தாளர் அபே குபேக்னாவோடு ஏற்படும் உறவில் அன்பும் எரிச்சலும் மாறிமாறி வருகின்றன. ஒண்டுக்குடித்தன வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரரைப் பார்க்கும் அதே கண்தான் அயோவாவிலும் பார்த்திருக்கிறது. தி.நகர் அவருக்குக் கற்றுக்கொடுத்த பார்வையை அவர் அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். அங்கே போய் மாற்றிக்கொள்ளவில்லை. நாவலுக்கு வரைபடம் போட்ட நண்பரை வியந்து எழுதியவர், தம் நாவல் எதற்கும் அப்படி ஒரு தோரணையை ஏற்றவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. போன இடத்தைப் பற்றி அவர் உடனே எழுதிவிடவில்லை. செகந்திராபாத் நாவலாக இருபத்தைந்து ஆண்டு; அயோவாவுக்குப் பன்னிரண்டு; ஜெமினியைப் பற்றிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நினைவுக்குறிப்புகள் ஆங்கிலத்தில் நூலாக வந்தது 2002இல். இன்று விமானம் இறங்குவதற்குள் பயண அனுபவத்தைப் பதிவேற்றிவிடுகிறோம். நினைவில் ஊறிக் கிடந்த காலத்தில் அவருக்குள் காட்சிகள் உதிர்ந்து மனிதர்கள் மட்டும் மிஞ்சினார்கள் என்று நினைக்கிறேன். ‘பிரயாணம்’ என்ற சிறுகதையில் நோயுற்ற குருவைப் பலகையில் கிடத்தி மலைப்பாதையில் இழுத்துச் செல்கிறான் சீடன், ஓநாய்கள் தொடர்கின்றன. அந்தக் கதையில் ஊரோ தேதியோ ஒருபொருட்டில்லை. பயணம் என்றால் அவருக்கு இறுதியில் இதுதான் போலிருக்கிறது. ஒருவர் இன்னொருவரைச் சுமந்துகொண்டு போவது.

மாலையில் அடையாற்றுப் பாலத்தைப் பேருந்தில் கடந்தேன். தி.நகரின் மழைநீரை வாங்கிவரும் மாம்பலம் கால்வாய் நந்தனம் பக்கம் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. ஏரி போனாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதை எல்லோருக்கும் காட்டியது. அசோகமித்திரன் கடைசிக் காலத்தில் இந்தத் திசையில், வேளச்சேரியில், மகன் குடும்பத்தோடு இருந்தார். 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைத் தொகுப்புக்காகச் சாகித்திய அகாதமி விருது வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. அவருடைய நாவல்களில் பெரும்பாலானவை அதற்குள் எழுதப்பட்டுவிட்டன. 2017 மார்ச் 23 அன்று காலமானார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமும் என். கல்யாணராமனும் அவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ‘தண்ணீர்’, ‘18வது அட்சக்கோடு’, ‘ஒற்றன்’ மூன்றும் தமிழில் காலச்சுவடு பதிப்புகளாக வந்திருக்கின்றன.

சென்னைக்கு வருகிறவர்கள் கபாலீசுவரர் கோயிலையும் கடற்கரையையும் பாருங்கள். அவசியம் பார்க்க வேண்டியவை. ஒரு காலைப்பொழுதை மாம்பலம் நிலையத்திலிருந்து நடேசன் பூங்கா வரையிலான நடைக்கும் ஒதுக்குங்கள். கிளம்பும் முன் ‘தண்ணீ’ரைப் படித்துவிடுங்கள், சிறிய நாவல், இரண்டு மாலைப்பொழுது போதும். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் எழுதுகிறவர் ஒருவர் இருந்தால் அவரிடம் இலவசப் பிரதி கேட்காதீர்கள். அவருடைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள்.